இலவச சட்ட உதவியில் அப்பீல் நடத்தும் வக்கீல்களோடு பழகிய அனுபவம் சொல்லுங்க

என் சீனியர் கிரிமினல் அப்பீல் மட்டும்தான் பார்ப்பார். பாதிக்கு மேல் சட்டப்பணிகள் குழு மூலம் வருகிற ஜெயில் அப்பீல். சிறையில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு, 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவு. ஃபீஸ் ஜெராக்ஸுக்கே போய்விடும். அதைப் பற்றி அவர் பேசமாட்டார், நான்தான் புலம்புவேன்.

சேர்ந்த புதிதில் கோர்ட்டில் முழங்குவார் என்று எதிர்பார்த்தேன். ஆனால் அப்பீலில் சாதாரணமாகப் புதுச் சாட்சியை ஏற்ற முடியாது, கீழ்க்கோர்ட்டில் பதிவானதுதான் எல்லாம். வேலை முழுக்க வாசிப்பு. ஒரு கொலை வழக்குக் கட்டில் எஃப்.ஐ.ஆரை எடுத்தவர், மாஜிஸ்திரேட் கையெழுத்துப் போட்ட நேரத்தைத்தான் முதலில் பார்த்தார். ராத்திரியே பதிவானதாம், மாஜிஸ்திரேட்டிடம் போனது மறுநாள் சாயங்காலம்.

"நடுவுல எங்க இருந்துச்சுன்னு விசாரணை அதிகாரிகிட்ட யாராவது கேட்டிருக்காங்களா பாரு."

புரட்டினேன். குறுக்கு விசாரணையில் ஒரே ஒரு வரி. பதில், 'ஞாபகம் இல்லை'.

"தாமதத்தை மட்டும் வச்சு விடுதலை வராதுப்பா. நேர்ல பார்த்தேன்னு சொல்றவர் பேரு இதுல எப்ப ஏறுச்சுன்னு கேட்கலாம்."

அந்த வரியைப் பிடித்துத்தான் வாதமே. ஜெயித்தோம். அதே உழைப்புப் போட்டுத் தோற்ற கட்டுகளும் அலமாரியில் இருக்கின்றன.

*

எங்க அண்ணனுக்கு செஷன்ஸ் கோர்ட்ல ஆயுள். 60 நாளுக்குள்ள ஹைகோர்ட் போகணும்னே எங்களுக்குத் தெரியாது. சட்ட உதவியில கிடைச்ச வக்கீலம்மா முதல்ல தாமதத்தை மன்னிக்கக் கேட்டு மனு போட்டாங்க. தீர்ப்பு இங்கிலீஷ்ல இருந்துச்சா, அதோட சாரத்தைத் தமிழ்ல எழுதி ஜெயிலுக்கே அனுப்பினாங்க. படிச்சுட்டு அண்ணன் பதில் போட்டான்: மகஜர்ல (போலீஸ் சம்பவ இடத்தைப் பார்த்தோ பொருளைக் கைப்பற்றியோ சாட்சி முன்னால எழுதுற பத்திரம்) கையெழுத்துப் போட்டவர் அன்னைக்கு ஊர்லயே இல்லைன்னு. வக்கீலம்மா நேராவே சொல்லிட்டாங்க, "விசாரணையில யாரும் கேட்கலை, ரெக்கார்டுல இல்லாததை நான் பேச முடியாது." எனக்குக் கோபம்தான் வந்துச்சு. அண்ணன்தான் சமாதானம் சொன்னான். "இத்தனை வருஷத்துல பொய் நம்பிக்கை கொடுக்காத முதல் ஆளு"ன்னான்.

*

மேலே எழுதியவருக்கு: தீர்ப்பு நகல் இலவசமாகக் கைதி கைக்குச் சேர்வதும், அப்பீலுக்கு இலவச வக்கீலும் சலுகை இல்லைங்க, உரிமை. 1978-லேயே உச்ச நீதிமன்றத்தில் ஹோஸ்காட் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு இருக்கிறது. அண்ணன் அப்பீலை ஹைகோர்ட்டில் ஏற்று எண் கொடுத்துவிட்டார்களா? தண்டனையை நிறுத்திவைக்கக் கேட்டு மனு போட்டாச்சா என்று அந்த வக்கீலம்மாவிடமே விசாரியுங்கள்.