சிப்பிக்கு ஊசி போட்டா முட்டை விடுமா?

இனயத்துக்காரன்:
எங்க வீட்டுல அப்பா காலத்துல இருந்தே பாறையில முங்கி சிப்பி எடுக்குற வேலதான். விழிஞ்ஞத்துல இருக்குற அத்தான் சொல்லுகாரு, ஹேச்சரியில, அதான் குஞ்சு பொரிக்கிற பண்ணையில, ஒரு ஹார்மோன் ஊசி போட்டா சிப்பி அப்பவே முட்டை விட்டிருமாம். அந்த மருந்து கெடைச்சா கயிறு கட்டி வளத்துப் பாக்கலாம்னு இருக்கேன். இன்னொண்ணு. செவப்புச் சதை பொம்பள, வெள்ளச் சதை ஆம்பளன்னு நமக்குத் தெரியும். நேத்து சந்தையில ஒரு அம்மா, செவப்புல பொம்பள ஹார்மோன் இருக்கு, ஆம்பளப் பிள்ளையளுக்கு ஆகாதுன்னு வாங்காம போயிட்டு. உள்ளதா?

பாறைக்கிழவன்:
ஊசி எதுக்கு மக்கா? ஆனி ஆடியில கடல் குளுந்தா அதுவா விடும். விட்டு முடிச்சத அவிச்சுப் பாரு, சதை ஒட்டிப்போய் கெடக்கும். மரச்சீனிக் கிழங்குக்குக் கூட எடுபடாது.

கொல்லங்கோட்டு அக்கா:
நான் கொஞ்ச காலம் ஒரு ஹேச்சரியில வேலை பார்த்தவ, அதனால சொல்றேன். அத்தான் சொன்ன ஊசி உண்டு. மருந்தோட பேரு செரோடோனின். 1982ல மட்சுதானி, நோமுரான்னு ரெண்டு ஜப்பான்காரங்க ஸ்காலப் சிப்பியில இதைச் செலுத்தி முட்டையும் விந்தும் விட வைக்கலாம்னு காட்டினாங்க. அதுக்கப்புறம் பல இனங்கள்ல செஞ்சு பார்த்தாச்சு. பல சிப்பி ஒரு மணி நேரத்துக்குள்ள விட்டிரும், ஆணுக்குப் பெண்ணைவிட நல்லாவே கேக்கும்.

ஆனா தம்பி, இது சினை வளர்க்கிற மருந்து இல்ல. சினை முத்தி நிக்கிற சிப்பியில கதவைத் தெறந்து விடுற வேலை மட்டும்தான் இதுக்கு. சினை முத்தாததுக்கு எத்தனை ஊசி போட்டாலும் சும்மாதான் கெடக்கும். நமக்கு மூளைக்கு அடியில இருக்கிற பிட்யூட்டரி மாதிரி ஒரு சுரப்பி சிப்பிக்குக் கிடையாது. மூளைன்னு சொல்லவும் சில நரம்பு முடிச்சுகள்தான். தண்ணி குளுந்துச்சா, தீனி இருக்கா, பக்கத்துல ஆண் சிப்பி விந்து விட்டுச்சா, எல்லா சேதியும் அந்த முடிச்சுகளுக்குப் போகும். அங்க இருக்கிற நரம்புச் செல்கள் வேதிப்பொருளை விட்டு சினைப்பைக்குச் சொல்லும். செரோடோனின் அதுல ஒண்ணு. ஸ்காலப்ல பாதியில நிக்கிற முட்டையை முதிர வைக்கிறதும் அதுதான்.

ஹேச்சரியில தெனமும் ஊசியைத் தூக்கிட்டுத் திரியறதும் இல்ல. தண்ணியைச் சூடாக்கி ஆற வைப்போம். இல்லேன்னா ஒரு ஆணோட விரையை நசுக்கித் தொட்டியில கலந்து விடுவோம். முதல்ல ஆணுங்க ஆரம்பிக்கும், அந்த வாடை பட்டதும் பெண்ணுங்க.

இனயத்துக்காரன்:
அப்ப அந்த அம்மா சொன்னது?

கொல்லங்கோட்டு அக்கா:
செவப்பு நிறம் ஹார்மோன் இல்ல. முட்டையில சேர்ற கரோட்டினாய்டு, கேரட்டுக்கு நிறம் கொடுக்கிற அதே குடும்பம். சிப்பிச் சதையில எஸ்ட்ராடியோல்னு பொம்பள ஹார்மோனை அளந்து பார்த்திருக்காங்க, அது பொய்யில்ல. அதைச் சிப்பியே உண்டாக்குதாங்கிறதுலதான் ஆராய்ச்சிக்காரங்க அடிச்சுக்கறாங்க. நம்ம உடம்புல அதை உண்டாக்குற அரோமட்டேஸ்ங்கிற நொதி சிப்பிக்குக் கிடையாது. வாங்கிக்க வேண்டிய ஏற்பியும் சிப்பியில எஸ்ட்ராடியோலோட ஒட்டுறதில்ல. தண்ணியில கெடக்கிறதை உறிஞ்சிக் கொழுப்போட சேர்த்து வாரக்கணக்கா வச்சிருக்கும். எனக்குக் கேட்டா, அதோட சொந்தச் சரக்கு இல்லங்கிற கட்சிக்குத்தான் கை தூக்குவேன்.

பயப்பட வேண்டியது வேற. 1997 செப்டம்பர்ல விழிஞ்ஞத்துல சிப்பி தின்னு 7 பேர் செத்தாங்களே, அது கடல்ல மிதக்கிற நுண்பாசியோட நஞ்சு. வேக வைச்சாலும் போகாது. கடல் நிறம் மாறிக் கெடந்தா ஆணும் வேண்டாம், பெண்ணும் வேண்டாம்.

பாறைக்கிழவன்:
அந்த வருசம் இங்கயும் ஒருத்தரும் சிப்பிய தொடல. சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்ல.

படன்னவாசி:
குழித்துறைக்காரன், இப்ப காசர்கோடு படன்னயில வேலை. இங்க காயல்ல கயிறு கட்டி பச்சைச் சிப்பி வளர்க்கிறாங்க, ஒருத்தரும் ஊசி போட்டு நான் பார்க்கல. மழை முடிஞ்சு பாறையில பிடிச்ச குஞ்சைப் பறிச்சு, கயித்தைச் சுத்தி வச்சு, பருத்தி வலைத்துணியால தைப்பாங்க. குஞ்சு நார் விட்டுக் கயித்தைப் பிடிக்கும், துணி தானா மக்கிரும். மே மாசத்துக்குள்ள அறுவடை. மழைத்தண்ணி காயல்ல இறங்கினா உப்பு போயிரும்.

கொல்லங்கோட்டு அக்கா:
இவர் சொல்றதுதான் வழி. ஆனா அது பச்சைச் சிப்பி. நம்ம பாறையில இருக்கிற பழுப்புச் சிப்பி அவ்வளவா நல்ல தண்ணி தாங்காது, திறந்த கடல் உப்பு வேணும். விழிஞ்ஞம் விரிகுடாவுல 1970கள்லயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இதைக் கயித்துல வளர்த்துப் பார்த்திருக்கு. அத்தான் அங்கதானே இருக்காரு, மருந்தை விட்டுட்டு அந்த நிலையத்துல போய் விசாரிக்கச் சொல்லுங்க. இனயத்து அலையில கயிறு தொங்கவிடுற மிதவை நிக்குமான்னு பாறைக்கிழவன் ஐயாதான் சொல்லணும்.

பாறைக்கிழவன்:
ஆடியில நிக்காது. ஐப்பசிக்கு மேல கட்டுனா பாக்கலாம்.