வெளிநாட்டில் நேரில் பார்த்த பெரிய போட்டி, மனசை விட்டுப் போகாத ஒரு நிமிடம் – வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்க்காரர்கள் எழுதுங்கள்

காட்பாடி_ஜங்ஷன்

2022 நவம்பர் 22, கத்தார் கால்பந்து உலகக் கோப்பை, லுசைல் மைதானம், அர்ஜென்டினா – சவுதி. அன்றைக்கு உள்ளே இருந்தவர்கள் இங்கேயும் சிலர் இருப்பீர்கள். கத்தாரில் வசிப்பவர்களுக்கு ஒதுக்கிய நான்காம் வகுப்பு டிக்கெட், 40 ரியால். பகல் ஒரு மணி ஆட்டம். 86இல் தூர்தர்ஷனில் மாரடோனாவைப் பார்த்ததிலிருந்து எங்கள் அப்பா அர்ஜென்டினா கட்சி, அதனால் வீடே அந்தக் கட்சி. நீல வெள்ளைச் சட்டைதான் போட்டுப் போனேன். இடம் கிடைத்தது சவுதிக்காரர்களுக்கு நடுவில். திரும்பின பக்கமெல்லாம் பச்சை.

பத்தாவது நிமிடம் மெஸ்ஸி பெனால்டி. அந்த வரிசையில் எழுந்து கத்தியவன் நான் ஒருவன்தான். பக்கத்தில் ஒரு பெரியவர், எங்கள் அப்பா வயது, வெள்ளை தோப் அங்கி, தோளில் பச்சைத் துண்டு. என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, கையிலிருந்த பேரீச்சம்பழப் பெட்டியை நீட்டினார். அப்புறம் அர்ஜென்டினா அடித்த கோலெல்லாம் ஆஃப்சைடு என்று போனது. ஒவ்வொன்றுக்கும் நான் எழுந்து உட்கார, அவர் என் முட்டியில் தட்டிக்கொடுத்தார்.

இடைவேளைக்கு அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். 48ஆவது நிமிடம் சவுதியின் அல் ஷெஹ்ரி கோல். 53இல் சலேம் அல் தவ்சாரி. பந்தை வாங்கி, திரும்பி, ஆட்களைக் கழித்து, தூரத்து மூலைக்கு அடித்தாரே, அந்த கோல். எங்கள் கோல்கீப்பர் மார்ட்டினெஸ் விரலில் பட்டும் உள்ளே போனது. மைதானம் வெடித்த அந்த நொடியில் பெரியவர் என் சட்டையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அந்த அர்ஜென்டினா சட்டையின் தோளில் முகத்தை வைத்து அழுதார். தன் மகன்கள் இரண்டு பக்கமும் நிற்கும்போது ஏன் என்னைப் பிடித்தார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. என் அணி தோற்றுக்கொண்டிருக்கிறது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதுதான் விஷயம்.

ஆட்டம் முடிந்து கூட்டம் எங்களைப் பிரித்தது. டிசம்பர் 18இல் அர்ஜென்டினா கோப்பையைத் தூக்கியபோது அந்த மனுஷர் எங்கே உட்கார்ந்து பார்த்தாரோ, என்னை நினைத்தாரோ என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். இப்பவும் யோசிக்கிறேன்.

குடியாத்தம்_கம்பி

அண்ணா, அதே லுசைலில் கம்பி கட்டினவன் நான். எங்கள் கம்பெனி போட்டி தொடங்கும் முன்னாலேயே பாதிப் பேரை ஊருக்கு அனுப்பிவிட்டது, மிச்சம் இருந்தவர்களில் நான் ஒருவன். இறுதிப் போட்டி டிக்கெட் எங்கள் கைக்கு எட்டுகிற விலை இல்லை. இன்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஏசியன் டவுன் கிரிக்கெட் மைதானத்தில் பெரிய திரை வைத்திருந்தார்கள், காசு கிடையாது. கேம்ப் கேம்பாக ஆட்கள் வந்து சேர்ந்தார்கள், 2021 நவம்பரில் பாலாறு வந்த மாதிரி.

ஆட்டம் எப்படிப் போனது என்று சொல்ல வேண்டியதில்லை. அர்ஜென்டினா இரண்டு கோல் முன்னால் இருந்தும், பிரான்ஸ் எம்பாப்பே ஒன்றரை நிமிட இடைவெளியில் இரண்டு அடித்துச் சமன் ஆக்கினாரே. ஆனால் எனக்கு நிற்பது அது இல்லை. நடுவில் ஒரு தடவை கேமரா மேலிருந்து மைதானத்தை முழுசாகக் காட்டியது. கேலரி வளைந்து திரும்புகிற ஒரு இடத்தைக் காட்டி, "அது நாங்கள் கட்டியது" என்று என்னை அறியாமல் கத்திவிட்டேன். முன்னால் உட்கார்ந்திருந்த நேபாளி திரும்பி, கூரையைக் காட்டி நெஞ்சில் தட்டிக்கொண்டார். பின்னால் இருந்த பங்களாதேஷ்காரர் வேறொரு பக்கத்தைக் காட்டினார். காட்சி மாறுவதற்குள் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் விரலை நீட்டி இது என்னுது, அது என்னுது என்று சொல்லிக்கொண்டிருந்தோம். ஏழெட்டு நொடி இருக்கும். அப்புறம் பந்து மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது.

ஆற்காடு_நவாப்

நல்லா எழுதியிருக்கிறீர்கள், ஆனால் மனசில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். தலைப்பு "நேரில் பார்த்த போட்டி". குடியாத்தம் தம்பி திரையில் பார்த்தது இதில் எப்படிச் சேரும்? காட்பாடி சாருக்கும் ஒரு கேள்வி: அர்ஜென்டினாவுக்கும் நமக்கும் என்ன உறவு? நம்ம ஆள் இறங்கி ஆடுகிறபோது வருகிற துடிப்பு வேறே. அது இரவல் சட்டை போட்டால் வராது.

என் கதை மெல்போர்ன். 2022 அக்டோபர் 23, டி20 உலகக் கோப்பை, எம்சிஜி கிரிக்கெட் மைதானம், இந்தியா – பாகிஸ்தான். வாரம் முழுக்க மழை வரும் என்றே சொன்னார்கள், அன்றைக்கு வரவில்லை. 90,293 பேர். இலக்கு 160, நாம் 31க்கு 4. கோலி ரவுஃபை அடித்த அந்த இரண்டு சிக்ஸரை எல்லோரும் பேசுவார்கள், பேசட்டும். எனக்கு அதற்கு அப்புறம் வந்ததுதான். ஒரு பந்து, இரண்டு ரன். தினேஷ் கார்த்திக் ஸ்டம்பிங் ஆகிப் போகிறார், அஸ்வின் உள்ளே வருகிறார். ஒரு தமிழ்நாட்டுக்காரர் போகிறார், இன்னொருவர் வருகிறார். நவாஸ் லெக் பக்கம் போட்டார். அஸ்வின் மட்டையை நீட்டவே இல்லை, ஒதுங்கி நின்று விட்டுவிட்டார்! கடைசிப் பந்தை!

அம்பயர் கையை விரிக்கிற வரைக்கும் உள்ள அந்தக் கால் நொடி. என் பக்கத்தில் லாகூர்ப் பையன் ஒருவன், அங்கே படிக்க வந்தவன், தலையில் கை வைத்து என்னைப் பார்த்து, "இவன் விட்டுட்டானா?" என்கிறான். "எங்க ஊர் ஆளு, கணக்குப் போட்டுத்தான் விடுவான்" என்றேன். வைடு. ஸ்கோர் சமம். அடுத்த பந்து மிட் ஆஃப் தலைக்கு மேலே. அந்தப் பையன் எழுந்து எனக்குக் கை கொடுத்துவிட்டுப் போனான். மறுநாள் தீபாவளி. அப்படி ஒரு தீபாவளி இனி வராது.

கடைசி ஓவரில் கோலிக்குக் கொடுத்த நோபால் சரியா என்ற பேச்சை யாரும் ஆரம்பிக்க வேண்டாம். இடுப்புக்கு மேலே வந்தது, அம்பயர் சொன்னார், முடிந்தது.

சத்துவாச்சாரி_அக்கா

நம்ம ஆள் என்றால் இதைக் கேளுங்கள். 2018 ஏப்ரல் 7, கோல்டு கோஸ்ட் காமன்வெல்த். ஆண்கள் 77 கிலோ பளுதூக்குதல். நான் அப்போது பிரிஸ்பேன் பக்கம் நர்சாக இருந்தேன். நைட் டியூட்டி முடித்த களைப்போடு போட்டி நடந்த கரேரா அரங்கத்துக்குப் போனேன். சதீஷ்குமார் சிவலிங்கம் எங்கள் சத்துவாச்சாரிப் பிள்ளை என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் ஸ்னாட்சில் 149, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179, மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கியவர். ஆனால் இந்தத் தடவை தொடையில் அடிபட்டு, முழுப் பயிற்சி இல்லாமல் வந்திருந்தார்.

ஒரே வீச்சில் தலைக்கு மேலே தூக்குகிற ஸ்னாட்சில் 144. இங்கிலாந்து ஜாக் ஆலிவர் 145. ஒரே கிலோ பின்னாடி. தோளுக்குக் கொண்டுவந்து அப்புறம் மேலே தூக்குகிற கிளீன் அண்ட் ஜெர்க்கில் தம்பி 173 எடுக்க வந்தார். மேடையில் சாக்பொடி தட்டுகிற சத்தம் என் இருக்கைக்குக் கேட்டது, அவ்வளவு அமைதி. கம்பியைத் தோளுக்குக் கொண்டுவந்து உட்கார்ந்து எழும்போது தொடை நடுங்கியது, கண்ணால் பார்த்தேன். "விடாதே சாமி" என்று கத்திவிட்டேன். மேலே தூக்கி நிறுத்தினார். சரி என்று வெள்ளை விளக்கு.

ஆலிவர் 171ஐ இரண்டு தடவை முயன்றும் எடுக்க முடியவில்லை. தம்பிக்கு மொத்தம் 317, தங்கம் வேலூருக்கு. அறிவிப்பாளர் சிவலிங்கம் என்று அப்பா பெயரையும் சேர்த்துப் படித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த அப்பாவும் பளுதூக்கினவர்தான், அவரை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஜனகணமன போடும்போது பக்கத்து வெள்ளைக்காரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்த ஆண்டு கடைசியிலேயே எடைப் பிரிவுகளை மாற்றி 77 கிலோவையே எடுத்துவிட்டார்கள். அதனால் காமன்வெல்த் 77 கிலோவில் கடைசித் தங்கம் எங்கள் ஊருக்குத்தான்.

ஆற்காடு தம்பி, ஒன்று சொல்கிறேன். குடியாத்தம் தம்பியை "நேரில் பார்க்கவில்லை" என்று சொன்னீர்களே, அது எனக்குப் பிடிக்கவில்லை. அவர் அந்த மைதானத்தை நம் எல்லோரையும்விட நேரில் பார்த்தவர்.

வாணியம்பாடி_நியூஜெர்சி

2024 ஜூன் 9, டி20 உலகக் கோப்பை, நியூயார்க் பக்கம் நாசா கவுண்டி மைதானம், இந்தியா – பாகிஸ்தான். நாம் 119க்கு ஆல் அவுட். போச்சு என்று பாதிப் பேர் முகம் தொங்கியிருந்தது. பும்ரா ரிஸ்வானை போல்ட் ஆக்கின பந்து, அங்கே ஆட்டம் திரும்பியது. ஆறு ரன்னில் ஜெயித்தோம், பும்ரா 14 ரன்னுக்கு 3. என் மகன் இங்கேயே பிறந்தவன், அதுவரைக்கும் கிரிக்கெட் என்றால் எழுந்து போய்விடுவான். அந்த ஸ்டம்ப் சாய்ந்ததும் என் தோளில் ஏறி "அப்பா, அப்பா" என்று தமிழில் கத்தினான். என் கதை அவ்வளவுதான்.

ஆனால் இனிமேல் போகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் திண்டாடுவதைப் பார்த்தேன். முதலில் டிக்கெட். போட்டி நடத்துகிறவர்களின் சொந்தத் தளம், அவர்களே நடத்துகிற மறுவிற்பனைத் தளம், இந்த இரண்டைத் தவிர வேறு எங்கேயும் வாங்காதீர்கள். வாட்ஸ்அப்பில் "ஒரு டிக்கெட் கையில் இருக்கிறது" என்று வருவதை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். டிக்கெட் இப்போது போனுக்குள்தான் வருகிறது, அதனால் போன் சார்ஜ் முக்கியம், பவர் பேங்க் அனுமதி உண்டா என்று முன்கூட்டிப் பாருங்கள். பையைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. அமெரிக்காவில் பல மைதானங்களில் உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பை மட்டும்தான். நம்ம பெண்கள் எடுத்துவரும் தோள்பையை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார்கள், காரில் வைத்துவிட்டு வர மைல் கணக்கில் நடக்க வேண்டும்.

ஊரிலிருந்து அப்பா அம்மாவை அழைத்து வருகிறவர்கள் விசாவுக்கு மாசக் கணக்கில் முன்னாலேயே விண்ணப்பியுங்கள், மருத்துவக் காப்பீடு எடுக்காமல் அழைத்து வராதீர்கள். நிழல் இருக்கிற இருக்கையா என்று பாருங்கள். நாசா கவுண்டியில் பெரும்பாலும் திறந்த வெளி, லாஸ் வேகாஸ் கார் பந்தயத்துக்குப் போட்ட கேலரியைக் கொண்டுவந்து நிறுத்தினது, முதலில் மழை, அப்புறம் வெயில். வேலூர் வெயிலைத் தாங்கினவர்கள்தானே என்று பெரியவர்களைத் தொப்பி இல்லாமல் உட்காரவைக்காதீர்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரை இருப்பவர்கள் மருந்துச் சீட்டோடு எடுத்து வாருங்கள். திரும்பும்போது ரயில்தான் நல்லது. 2026 கால்பந்து உலகக் கோப்பை 48 அணி, 104 ஆட்டம், மூன்று நாடு. இந்த அளவுக்குப் பெரிய போட்டியில் ஊருக்கு ஊர் விதி மாறும், ஒன்றில் பார்த்ததை இன்னொன்றுக்கு நம்பாதீர்கள்.

குடியாத்தம்_கம்பி

சத்துவாச்சாரி அக்காவுக்கு நன்றி. ஆற்காடு அண்ணா சொன்னதில் எனக்குக் கோபம் இல்லை. வாணியம்பாடி அண்ணா, தகவலுக்கு நன்றி, நான் இப்போது ஊரில்தான் இருக்கிறேன்.

காட்பாடி_ஜங்ஷன்

ஆற்காடு சார், "இரவல் சட்டை" என்றீர்களே. போட்டி தொடங்குவதற்கு முன்னால் தோஹாவில் நம்ம ஊர், கேரளப் பையன்கள் அர்ஜென்டினா, பிரேசில், இங்கிலாந்து சட்டையோடு மேளம் அடித்து ஊர்வலம் போனார்கள். காசு கொடுத்துக் கூட்டி வந்த போலி ரசிகர்கள் என்று ஐரோப்பியப் பத்திரிகைகள் எழுதின. அந்தக் கூட்டத்தில் எனக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். பகலெல்லாம் வேலை செய்துவிட்டு, சொந்தக் காசில் சட்டை வாங்கிப் போட்டவர்கள். மலப்புறத்திலும் வியாசர்பாடியிலும் கால்பந்து எவ்வளவு ஆழம் என்று தெரியாதவர்கள் அப்படி எழுதினால் புரிகிறது. நீங்கள் சொல்லலாமா? உங்கள் பக்கத்தில் இருந்த லாகூர்ப் பையன் கை கொடுத்தது உங்களுக்கு மறக்கவில்லை. என் பெரியவரும் அதே மாதிரிதான்.

ஆற்காடு_நவாப்

போலி என்று நான் சொல்லவே இல்லை. துடிப்பு வேறே என்றேன், அதில் மாற்றமில்லை. தம்பியைப் பற்றிச் சொன்னதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், அக்கா சொன்னது சரி.

ஆம்பூர்_சிங்கை

சுருக்கமாக: 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர் செந்தோசா, உலக சதுரங்க சாம்பியன் போட்டி, நம்ம குகேஷ் – சீனாவின் டிங் லிரென் பதினான்காவது ஆட்டம். டிரா என்று எல்லோரும் எழப் பார்த்த நேரத்தில் டிங் 55ஆவது நகர்த்தலில் யானையை எஃப்2 கட்டத்துக்குத் தப்பாக வைத்தார். குகேஷ் முகம் மாறியதைப் பார்த்ததும் எனக்குச் சதுரங்கம் தெரியாமலே விஷயம் புரிந்தது. ஜெயித்து, அழுதுகொண்டே, அந்தப் பிள்ளை காய்களை எல்லாம் மறுபடி அதனதன் கட்டத்தில் அடுக்கி வைத்தது. பதினெட்டு வயசு. யார் வளர்த்த பிள்ளை என்று அப்போதே கேட்கத் தோன்றியது.

காட்பாடி பாய், கட்சி எதுவானால் என்ன, சட்டை சட்டைதான்.

பேரணாம்பட்டு_லண்டன்

சத்துவாச்சாரி அக்கா எழுதியதைப் படித்ததிலிருந்து ஒரு கேள்வி. 2014 ஜூலையில் கிளாஸ்கோவில் அந்த 328 கிலோவை நேரில் பார்த்த நம்ம ஆட்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? வெள்ளியும் நமக்குத்தான், ஒடிசா ரவி கட்டுலு, மேடையில் இரண்டு மூவர்ணம். நான் அப்போது இங்கேதான் இருந்தேன், லீவு கிடைக்கவில்லை. பார்த்தவர்கள் இருந்தால், அந்த 149ஐத் தூக்கும்போது உள்ளே எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.