புதுப்பிப்பு: டூசான் போய் வந்தாச்சு, புழுதிச் சுவரும் பார்த்தாச்சு

புழுதிப் புயல் அடிக்கும் ஜூலை மாதத்தில், இங்கே அரிசோனாவில் ஃபீனிக்ஸிலிருந்து டூசானுக்கு வேலை விஷயமாகக் காரில் போகலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். "காலையிலேயே போய் மத்தியானத்துக்குள் திரும்பிவிடு" என்றீர்கள். போனது காலையில்தான். மீட்டிங் இழுத்ததில் திரும்பக் கிளம்பும்போது மணி 5.

வழியில் உள்ள பிகாச்சோ மலை தாண்டியதும் எதிரே பழுப்பாக ஒரு சுவர் எழுந்து வந்தது. சாலையை விட்டு முழுக்க ஒதுங்கி, எல்லா விளக்கையும் அணைத்து, பார்க்கிங் பிரேக் போட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுக்கச் சொல்லியிருந்தீர்களே, அதையே செய்தேன். விளக்கை ஏன் அணைக்கணும் என்று உங்களோடு மல்லுக்கு நின்றவன் நான்தான். பின்னால் வருபவர் நம் சிவப்பு விளக்கைப் பார்த்து, வண்டி ஓடுவதாக நினைத்து அதைப் பிடித்துக்கொண்டே வந்து இடிப்பாராம். இருபது நிமிடம் உள்ளே மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தேன். வாடகைக் காரில் பார்க்கிங் பிரேக்கைத் தேடியது தனிக் கதை.

சனிக்கிழமை எங்கும் போகவில்லை. ராத்திரி மழை; காலையில் வாசல் முழுக்க கிரியசோட் என்கிற பாலைவனப் புதரின் வாசனை. நம்மூர் மண்வாசனை இல்லை, லேசாகத் தார் கலந்த மாதிரி. காபி முடிவதற்குள் வெயில் உள்ளே விரட்டிவிட்டது.

ஏசி ஃபில்டரை மாற்றச் சொன்னவருக்கு: மாற்றிவிட்டேன். பழையதைப் படம் எடுத்துப் போட வெட்கமாக இருக்கிறது.