புதுப்பிப்பு: எமரல்டில் ரேக்குவாசா பிடிபட்டது

போக்கிமொன் எமரல்ட் என்ற வீடியோ கேமில், ரேக்குவாசா என்ற உயிரினம் அதைப் பிடிக்க எறியும் எந்தப் பந்திலும் அடங்கவில்லையே என்று இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. அல்ட்ரா பந்தையே எறிந்துகொண்டிராமல் சண்டைச் சுற்றுகள் கூடக்கூட வலுவாகும் டைமர் பந்துக்குப் பொறுத்திருக்கச் சொன்ன வெள்ளவத்தை அண்ணாவின் யோசனைதான் பலித்தது. ரேக்குவாசாவின் பிடிபடும் மதிப்பு (கூடினால் பிடிப்பது எளிது) 255க்கு வெறும் 3 என்பதால், உயிர்ப்புள்ளியை அடிமட்டத்துக்குக் குறைத்து, 2 மடங்கு பலன் தரும் உறக்கத்திலும் ஆழ்த்தி, 2 மடங்கு வலுவுள்ள அல்ட்ரா பந்தை எறிந்தாலும் வாய்ப்பு 5 சதவீதத்தை எட்டுவதில்லை. 30 சுற்றுகளுக்குப் பின் 4 மடங்காகும் டைமர் பந்தோ அதை ஏறக்குறைய 9 சதவீதமாக உயர்த்துகிறது. நான் எதிர்பாராதது, ரேக்குவாசா ரெஸ்ட் என்ற உத்தியால் தானே உறங்கி உயிரை நிரப்பிக்கொண்டதுதான்: உறக்கத்தின் பலன் கிடைத்தாலும், முழு உயிர் வாய்ப்பை மூன்றில் ஒன்றாக்கிவிடுவதால், அப்போது பந்தை வீணாக்காமல் மறுபடி அடிப்பதே மேல். பந்து அசைகையில் பொத்தானை அழுத்தச் சொன்னவருக்கு: பிடிபடும் வாய்ப்பின் கணக்கில் அதற்கு இடமே இல்லை (நானும் அழுத்தத்தான் செய்தேன்).