விண்டோஸ் 11 அப்கிரேடு பாதியில கரண்ட் போச்சு, இப்ப வின்லோட் ஃபைல் மிஸ்ஸிங்னு நிக்குது – ஃபார்மட் பண்ணாம வழி இருக்கா?

கடைக்கணக்கு:
எல்லாருக்கும் வணக்கம். அப்பா கடை லேப்டாப், விண்டோஸ் 10 இருந்துச்சு. 2025 அக்டோபர் 14-ஓட அதுக்கு சப்போர்ட் முடிஞ்சுருச்சுன்னு தெரிஞ்சும் தள்ளிப்போட்டுக்கிட்டே வந்து, நேத்து நைட்டு கடை சாத்துன பிறகு 11-க்கு அப்கிரேடு போட்டு விட்டேன். பேட்டரி செத்து ரொம்ப நாளாச்சு, சார்ஜர் சொருகினா தான் ஓடும். அது ஒருவாட்டி ரீஸ்டார்ட் ஆகி கறுப்பு ஸ்க்ரீன்ல சதவீதம் ஓடிக்கிட்டு இருக்கும்போது கரெக்டா கரண்ட் போயிருச்சு. கரண்ட் வந்து ஆன் பண்ணா ப்ளூ ஸ்க்ரீன், ரிக்கவரினு போட்டு, விண்டோஸ் சிஸ்டம்32-க்குள்ள இருக்குற வின்லோட் டாட் ஈஎஃப்ஐ மிஸ்ஸிங், இல்லனா அதுல எரர் இருக்குனு சொல்லுது, எரர் கோடு 225-னு முடியுது. கடை கணக்கு போடுற டாலி சாஃப்ட்வேர் டேட்டா முழுக்க உள்ள இருக்கு, கடைசி பேக்கப் பொங்கலுக்கு முன்னாடி எடுத்தது. பக்கத்துல ஒரு கடையில கேட்டா ஃபார்மட் தான்னுட்டாங்க. யாராச்சும் சொல்லுங்க ப்ளீஸ், அப்பாவுக்கு இன்னும் சொல்லல.

சும்மா_வந்தேன்:
ப்ரோ அந்த ஃபைல கூகுள்ல தேடுனா தனியா டவுன்லோட் பண்ண கிடைக்கும், பென்டிரைவ்ல போட்டு சிஸ்டம்32-ல காப்பி பண்ணிருங்க, எனக்கு ஒரு கேம் டிஎல்எல்-க்கு அப்படித்தான் பண்ணேன், வேலை செஞ்சுது.

சர்வீஸ்_சென்டர்_அண்ணன்:
மேல சொன்னத தயவுசெஞ்சு பண்ணாதீங்க தம்பி. கேம் டிஎல்எல் வேற, இது வேற. வின்லோட் தான் விண்டோஸ ஸ்டார்ட் பண்ற ஃபைல், அது உங்க விண்டோஸ் பில்டுக்கு (வெர்ஷனுக்கு) ஒத்துப்போற மாதிரி இருக்கணும், செக்யூர் பூட்னு ஒரு பாதுகாப்பு ஆன்ல இருந்தா அதோட டிஜிட்டல் கையெழுத்தையும் சரிபார்க்கும், கண்ட சைட்டுல எடுத்தது வைரஸாவும் இருக்கலாம். அதைவிட முக்கியம், பெரும்பாலும் அந்த ஃபைல் தொலைஞ்சே இருக்காது. டிஸ்க்ல ஈஎஃப்ஐ பார்ட்டிஷன்னு சின்னதா ஒண்ணு இருக்கும், அதுல பிசிடினு ஒரு ஃபைல், எந்த டிரைவ்ல எந்த ஃபோல்டர்ல விண்டோஸ் இருக்குன்ற அட்ரஸ் அதுல தான் எழுதியிருக்கும். அப்கிரேடு ஓடும்போது செட்டப் அதுல கை வைக்கும், அந்த நேரம் பார்த்து கரண்ட் போனா அட்ரஸ் ஒண்ணு, ஃபைல் இருக்குற இடம் ஒண்ணுனு ஆயிடும், மெஷின் ஃபைல் இல்லன்னு கத்தும்.

முதல்ல வேற கம்ப்யூட்டர்ல மைக்ரோசாஃப்ட்டோட மீடியா கிரியேஷன் டூல் (விண்டோஸ் செட்டப் பென்டிரைவ் தயார் பண்றது) எடுத்து 8 ஜிபி பென்டிரைவ்ல போடுங்க (பென்டிரைவ்ல இருக்குறது அழிஞ்சிரும்). லேப்டாப்ப அதுல பூட் பண்ணி, முதல் செட்டப் ஸ்க்ரீன் வந்ததும் ஷிஃப்ட் பிடிச்சுக்கிட்டு எஃப்10, கமாண்ட் ப்ராம்ப்ட் வரும். இன்ஸ்டால் பட்டன் பக்கமே போகாதீங்க. ரிப்பேருக்கு முன்னாடி டேட்டாவ காப்பாத்துங்க: அங்கேயே நோட்பேட்னு அடிச்சா நோட்பேட் திறக்கும், அதுல ஃபைல், ஓப்பன் போய் கீழ ஆல் ஃபைல்ஸ் வச்சா டிரைவ் எல்லாம் தெரியும், டாலி ஃபோல்டர ரைட் கிளிக் பண்ணி காப்பி, இன்னொரு பென்டிரைவ்ல பேஸ்ட். இது தெரியாமலே நிறைய பேர் ஃபார்மட்டுக்கு கொடுத்துடுறாங்க. டிரைவ் லாக்னு வந்தா பிட்லாக்கர்னு டிரைவ பூட்டுற வசதி போட்டிருக்குன்னு அர்த்தம், 48 இலக்க ரிக்கவரி கீ வேணும், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல லாகின் பண்ணி பாருங்க, அங்க சேவ் ஆகியிருக்கலாம்.

கடைக்கணக்கு:
அண்ணா ரொம்ப நன்றி, டாலி ஃபோல்டர் கிடைச்சிருச்சு, காப்பி எடுத்துட்டேன்!! லாக் எதுவும் கேக்கல. ஆனா சி டிரைவ்ல ஒண்ணுமே இல்ல, எல்லாம் டி-ல இருக்கு, விண்டோஸ் ஃபோல்டரும் டி-ல தான். ஸ்டார்ட்அப் ரிப்பேர் ஓட்டிப் பார்த்தேன், முடியலன்னு சொல்லிருச்சு. எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் போடவா?

சர்வீஸ்_சென்டர்_அண்ணன்:
பென்டிரைவ்ல இருந்து வரும்போது டிரைவ் எழுத்து மாறித்தான் தெரியும், பயப்படாதீங்க. எஸ்எஃப்சி இப்ப வேணாம், அது விண்டோஸுக்கு உள்ள இருக்குற ஃபைல சரி பண்ணும், பிசிடி அட்ரஸ தொடாது.

டி-ல விண்டோஸ், சிஸ்டம்32-க்குள்ள வின்லோட் டாட் ஈஎஃப்ஐ இருக்கான்னு நோட்பேட் வழியாவே பாருங்க. இருந்தா: டிஸ்க்பார்ட், என்டர். லிஸ்ட் வால்யூம், என்டர். ஃபேட்32-னு போட்டு 100 எம்பியோ 260 எம்பியோ இருக்குறது தான் ஈஎஃப்ஐ பார்ட்டிஷன். உங்க பென்டிரைவும் ஃபேட்32-னு தான் காட்டும், சைஸ் பார்த்து எடுங்க. செலக்ட் வால்யூம் போட்டு அதோட நம்பர், அப்புறம் அசைன் லெட்டர் ஈக்வல் எஸ், அப்புறம் எக்ஸிட். இப்ப அந்த பிசிடி அட்ரஸ புதுசா எழுதுற கமாண்ட்: பிசிடிபூட், ஸ்பேஸ், டி கோலன் பேக்ஸ்லாஷ் விண்டோஸ், ஸ்பேஸ், ஸ்லாஷ் எஸ், ஸ்பேஸ், எஸ் கோலன், ஸ்பேஸ், ஸ்லாஷ் எஃப், ஸ்பேஸ், யூஇஎஃப்ஐ. கமாண்ட இங்கிலீஷ்ல அடிங்க, நான் போன்ல தமிழ் கீபோர்ட்ல இருக்கேன். நெட்ல பூட்ரெக் ஃபிக்ஸ்பூட்னு வேற ஒரு கமாண்ட் போட்டிருப்பாங்க, யூஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்கு பதிலா வந்தது) மெஷின்ல அது பல நேரம் ஆக்சஸ் டினைடுன்னு நிக்கும், விட்டுருங்க.

ராத்திரி_டூட்டி:
அண்ணன் சொன்னதோட ஒண்ணு. விண்டோஸ் ஃபோல்டர்ல வின்லோட் இல்லாம, பக்கத்துல விண்டோஸ் டாட் ஓல்டுன்னு ஒரு ஃபோல்டர் இருந்தா பிசிடிபூட் போடாதீங்க. செட்டப் பழைய விண்டோஸ நகர்த்தி வச்சுட்டு புதுச உள்ள கொண்டுவர்ற நேரத்துல கரண்ட் போயிருக்குன்னு அர்த்தம். அப்ப உங்க யூசர்ஸ் ஃபோல்டர் கூட ஓல்டுக்குள்ள இருக்கலாம், டெஸ்க்டாப்ல வச்ச பில்லு, போட்டோ எல்லாத்தையும் அங்க தேடி எடுத்துட்டு க்ளீன் இன்ஸ்டால் போறது தான் நிம்மதி.

கடைக்கணக்கு:
விண்டோஸ் டாட் ஓல்டு இல்ல, வின்லோட் இருந்துச்சு. கமாண்ட் போட்டதும் பூட் ஃபைல்ஸ் சக்ஸஸ்ஃபுல்லி கிரியேட்டட்னு வந்துச்சு, பென்டிரைவ உருவிட்டு ரீஸ்டார்ட் பண்ணா பழைய விண்டோஸ் 10-ஏ வந்துருச்சு!!! டாலி திறந்து இன்னைக்கு பில்லும் போட்டாச்சு. இப்ப மறுபடி 11 போடலாமா, இல்ல இப்படியே விட்டுரவா?

ராத்திரி_டூட்டி:
அவசரமே இல்ல. விண்டோஸ் 10-க்கு ஈஎஸ்யூனு எக்ஸ்ட்ரா செக்யூரிட்டி அப்டேட் 2026 அக்டோபர் 13 வரைக்கும் உண்டு, செட்டிங்ஸ்ல விண்டோஸ் அப்டேட் பக்கத்துலயே சேர்றதுக்கு லிங்க் வரும், செட்டிங்ஸ் பேக்கப்ப மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல ஆன் பண்ணா காசு கட்ட வேணாம்.

சர்வீஸ்_சென்டர்_அண்ணன்:
அதுல சேர்ந்துக்கிட்டு முதல்ல பேட்டரி மாத்துங்க தம்பி, இல்ல ஒரு யூபிஎஸ்ல சொருகுங்க. அதுக்கு முன்னாடி 11 பக்கம் போகவேணாம். இப்ப எஸ்எஃப்சி ஒருதடவ ஓட்டலாம், கரண்ட் போனதுல வேற ஏதாச்சும் அடிபட்டிருந்தா தெரியும். மறுபடி அப்கிரேடு போடும்போது சி-ல 30, 40 ஜிபியாவது காலியா வச்சுக்கோங்க, பிரிண்டர், ஸ்கேனர் எல்லாத்தையும் கழட்டிருங்க. 11 பிடிக்கலைன்னா 10 நாளைக்குள்ள செட்டிங்ஸ்ல கோ பேக் இருக்கும், அதுக்கப்புறம் பழசு அழிஞ்சிரும்.

கடைக்கணக்கு:
சரிங்கண்ணா, பேட்டரி விலை விசாரிச்சிட்டேன், வாரக் கடைசியில மாத்திடுறேன்.