பழைய காருக்கு விலை கூடின டூல் எல்லாம் வீட்டில் வாங்கி வைக்கலாமா? நெல்லைக்காரர்கள் சொல்லுங்க

பெருமாள்புரம் அம்பி:
வீட்டில் இரண்டு பழைய வண்டிகள் நிற்கின்றன. ஒன்று 1999 மாருதி 800, கார்புரேட்டர் மாடல். இன்னொன்று மாமனார் வைத்திருந்த அம்பாசடர் டீசல். ஆயில் மாற்றுவது, பிரேக் ஷூ போடுவது, பிளக் சுத்தம் செய்வது வரை நானே பார்த்துக்கொள்கிறேன். அதற்கு மேலே போகணும் என்றால் சாதா ஸ்பானர் செட் போதாது. பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன்: டார்க் ரெஞ்ச் (போல்டைச் சரியான அளவுக்கு இறுக்க), கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் அழுத்தம் அளக்க), டைமிங் லைட் (பிளக் தீப்பொறி சரியான நேரத்தில் வருகிறதா என்று பார்க்க), காயில் ஸ்பிரிங் கம்ப்ரஸர் (சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்க), பேரிங் புல்லர் (பேரிங்கை இழுத்துக் கழற்ற), டீசல் நாசில் டெஸ்டர் (டீசலைத் தூவும் முனையைச் சோதிக்க). ஓரளவு தரமானதாகப் பார்த்தால் ஐம்பதாயிரத்தை நெருங்குகிறது. 'இந்தக் காசுக்கு இன்னொரு 800 வாங்கி நிறுத்தலாமே' என்று வீட்டில் கேட்கிறார்கள். வாங்கலாமா, வேண்டாமா?

வண்ணார்பேட்டை வாத்தியார்:
வேண்டாம் தம்பி. வீட்டில் சொல்வதுதான் சரி.

800-இல் முன்பக்க ஸ்ட்ரட்டை (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த பாகம்) எத்தனை வருஷத்துக்கு ஒருதடவை கழற்றப் போறீங்க? வீல் பேரிங்? ஒருதடவை போட்டால் அதைப் பல வருஷம் மறந்துவிடலாம். அந்த ஒரு நாளுக்காக ஒரு டூலை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைப்பது வட்டி இல்லாமல் பணத்தை முடக்குவது. இன்னொன்று, 15 வருஷம் தாண்டிய காருக்கு ஆர்.சி. (பதிவுச் சான்று) புதுப்பிக்கும் கட்டணம் முன்னே 600 ரூபாயாக இருந்தது, 2022 ஏப்ரலில் அதை 5000 ரூபாய் ஆக்கினார்கள். அதோடு பசுமை வரி. அதற்கு முன்னால் டிங்கர், பெயின்ட் வேலை. 5 வருஷத்துக்கு ஒருமுறை இந்தச் செலவு திரும்ப வந்து நிற்கும். வண்டியை வைத்திருப்பதா, கொடுத்துவிடுவதா என்பதே முடிவாகாத நிலையில் அதற்கு டூல் சேர்ப்பது எனக்குப் புரியவில்லை.

அம்பை பத்மினி:
வாத்தியார் அண்ணாச்சி எல்லா டூலையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கிறார். அதுதான் எனக்கு ஒத்துவரவில்லை.

என்னிடம் இருப்பது அப்பாவின் பிரீமியர் பத்மினி. இழுவை குறைந்துபோய், ஒரு ஒர்க்‌ஷாப்பில் (பெயர் வேண்டாம்) காட்டினேன். பார்த்த உடனே 'பிஸ்டன் ரிங் போயிருச்சு, இன்ஜினை இறக்கணும், சிலிண்டரைக் கடைந்து போர் அடிக்கணும்' என்றார்கள். ஒரு மீட்டர்கூட வைத்துப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து கம்ப்ரஷன் கேஜ் வரவழைத்தேன். நாலு பிளக்கையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு ஒவ்வொரு சிலிண்டராக செல்ஃப் அடித்துப் பார்த்தேன். மூன்று ஒன்றுபோலக் காட்டின, ஒன்று மட்டும் இறக்கம். அந்த ஒன்றில் பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பார்த்தேன். ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் இடைவெளியை அடைத்து முள் ஏறும். ஏறவில்லை. அப்படியென்றால் கசிவு மேலே, வால்வில். ஹெட்டை (இன்ஜினின் மேல்பாகம்) மட்டும் கழற்றி லேத் பட்டறையில் வால்வு உட்கார வைத்து வாங்கினேன். இன்ஜின் இறங்கவே இல்லை.

அந்த கேஜ் எனக்குப் பல மடங்கு மிச்சம் பண்ணிக் கொடுத்துவிட்டது. கழற்றுகிற டூல் வேறு, அளக்கிற டூல் வேறு. அளக்கிறது கையில் இருந்தால் யாரும் நம்மை ஏய்க்க முடியாது.

மேலப்பாளையம் ஸ்பானர்:
நான் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன். மேலே தங்கச்சி செய்தது சரியான டெஸ்ட், குறை சொல்ல ஒன்றுமில்லை. அம்பி தம்பிக்கு மட்டும் ஒரு விஷயம்: அந்த கேஜை வைத்து அம்பாசடர் டீசலை அளக்கப் போகாதீங்க. பெட்ரோல் கேஜ் டீசல் கம்ப்ரஷனைத் தாங்காது, டீசலுக்குத் தனி கேஜ், தனி அடாப்டர்.

மற்றபடி உங்கள் பட்டியலில் பாதி தேவையில்லை. ஒரு உதாரணம் சொல்றேன். 800-இல் பின் டிரம் பிடித்துக்கொண்டால் ஸ்லைடு ஹாமர் வேணும், புல்லர் வேணும் என்று வீடியோ பார்த்துவிட்டு வருகிறார்கள். டிரம் முகத்தைத் துணி போட்டுத் துடைத்துப் பாருங்க, மரை போட்ட இரண்டு சிறு துளைகள் எதிரெதிரே இருக்கும். துருவும் பிரேக் தூசியும் அடைத்துக் கண்ணுக்கே தெரியாது. ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு, அந்தத் துளைகளில் இரண்டு 8 எம்.எம். போல்டை விட்டு, இங்கே அரைச் சுற்று, அங்கே அரைச் சுற்று என்று மாற்றி மாற்றி முறுக்கினால் டிரம் தானாக வெளியே வரும். கம்பெனிக்காரனே அதற்காகத்தான் துளை போட்டிருக்கிறான். இரண்டு போல்டின் விலை என்ன?

நாசில் டெஸ்டர் வேண்டவே வேண்டாம். அதை வைத்து நாசில் எத்தனை அழுத்தத்தில் திறக்கிறது, தூவல் எப்படி இருக்கிறது, சொட்டுகிறதா என்று பார்க்கலாம், சரி. சொட்டினால் என்ன செய்வீங்க? உள்ளே இருக்கிற ஷிம் என்கிற மெல்லிய தகட்டை மாற்றணும், நாசிலைத் தீட்டணும், அதற்கு டீசல் பம்ப் பழுது பார்க்கிற கடைக்குத்தான் போகணும். அந்தத் தூவலில் கை பட்டால் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தின மாதிரிதான் தெரியும், கடைசியில் விரலையே இழக்க வேண்டியிருக்கும். நாசிலைக் கழற்றிப் பம்ப் கடையில் கொடுங்க.

தச்சை டீசல்:
ஸ்பானர் அண்ணாச்சி, கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒர்க்‌ஷாப்காரர் 'டூல் வாங்காதே' என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வார்? நாங்கள் எல்லாம் வீட்டில் செய்ய ஆரம்பித்தால் உங்கள் பாடு என்ன ஆகும்!

அம்பாசடர் கதைக்கு வாங்க. அது பழைய மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழி வந்த வண்டி, நட்டு போல்டு எல்லாம் இஞ்ச் அளவு. இன்றைக்கு எத்தனை ஒர்க்‌ஷாப்பில் இஞ்ச் ரிங் ஸ்பானர் முழு செட்டாக இருக்கிறது? அரை இஞ்ச் என்றால் 12.7 எம்.எம். பையன் 13-ஐ எடுத்து மாட்டுவான். ஆடும், ஆனாலும் முறுக்குவான். மூலை மழுங்கும். அடுத்த தடவை வைஸ் கிரிப், அதற்கு அடுத்த தடவை உளியும் சுத்தியலும். என் வண்டியில் பாதி போல்டு அப்படித்தான் வட்டமாகிப்போய் நான் மாற்றினேன். இஞ்ச் செட் இப்போது விலை கூடுதல்தான், கடையில் சொல்லி வைத்துத்தான் வாங்கவேண்டியிருக்கிறது. ஆனால் அம்பாசடர் வைத்திருப்பவன் அதை வாங்காமல் வேறு எதை வாங்கினாலும் வீண். அம்பி பட்டியலில் அதுவே இல்லை பாருங்க.

மேலப்பாளையம் ஸ்பானர்:
என் பாட்டைப் பற்றிக் கவலைப்படாதீங்க தம்பி, 800-உம் அம்பாசடரும் வைத்தா நான் கடை ஓட்டுகிறேன்? வாரத்தில் ஒன்று வந்தால் பெரிசு. இஞ்ச் ஸ்பானர் விஷயம் சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். என் மாமா காலத்து செட் ஒன்று என்னிடம் இருக்கிறது, பையன்கள் கையில் கொடுப்பதில்லை.

வள்ளியூர் காற்றாடி:
அண்ணாச்சி வாயாலேயே வந்துவிட்டது. 'பையன்கள் கையில் கொடுப்பதில்லை.'

மாருதி 800 தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்றது, அதே வருஷம் மே மாதம் அம்பாசடரும் நின்றது. அதற்கு அப்புறம் ஐ.டி.ஐ. முடித்து வருகிற பையன் ஸ்கேனரை மாட்டிப் பிழைக் குறியீடு பார்த்துப் படித்தவன். அவனைக் குறை சொல்லவில்லை, அவன் பிழைப்புக்கு அதுதான் வேணும். ஆனால் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி டைமிங் வைக்க, பாயிண்ட் இடைவெளியை ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்க, கார்புரேட்டர் மிதவை மட்டம் வைக்க அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? தெரிந்தவர்களுக்கு எல்லாம் அறுபது தாண்டிவிட்டது. வாத்தியார் அண்ணாச்சி போடுகிற கணக்கில் 'மெக்கானிக் எப்போதும் கிடைப்பார்' என்பது சொல்லாமலே உள்ளே இருக்கிறது. பத்து வருஷம் கழித்து உங்கள் 800-ஐ யாரிடம் கொண்டுபோவீங்க? டைமிங் லைட் வாங்கி இப்போதே பழகிக்கொள்வது செலவு இல்லை.

வண்ணார்பேட்டை வாத்தியார்:
பத்து வருஷம் கழித்து வண்டிக்கே ஆர்.சி. கிடைக்குமா என்று தெரியாது, டைமிங் லைட் கிடக்கட்டும்.

அப்புறம் யாரும் பேசாத ஒன்று. 2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த மழை ஞாபகம் இருக்கிறதல்லவா, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. தாமிரபரணி எங்கள் தெருவுக்குள்ளேயே வந்தது. அண்ணன் மகன் ஆசையாகச் சேர்த்த டூல் பெட்டி கீழ்த்தளத்தில் தரையோடு இருந்தது. தண்ணீர் வடிந்த பிறகு திறந்தால் சேறு. ஸ்பானரை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு மீட்டாயிற்று. டார்க் ரெஞ்சின் உள்ளே இருக்கிற ஸ்பிரிங்கையும் டயல் கேஜையும் என்ன செய்வது? முள் நகரவே இல்லை. நுணுக்கமான டூல் வாங்குவது மட்டும் பெரிசில்லை, அதைக் காப்பாற்றுவதும் ஒரு வேலை. உவரி, கூடங்குளம் பக்கத்து ஆட்களைக் கேளுங்க, வெள்ளமே வேண்டாம், உப்புக் காற்று போதும்.

தச்சை டீசல்:
அதற்குப் பரணில் வைக்கணும்வே! ஆயில் துணியில் சுற்றி, ஒரு பிளாஸ்டிக் டப்பா. வெள்ளம் வந்தது என்று வீடே கட்டாமலா இருக்கிறோம்?

அம்பை பத்மினி:
நான் ஒன்று கேட்கிறேன். ஏன் ஒவ்வொருவரும் தனித்தனியாக வாங்கணும்? எங்கள் தெருவில் சமுதாயப் பாத்திரம் இருக்கிறது. அண்டா, உருளி, ஜமுக்காளம். கல்யாணத்துக்கு நோட்டில் எழுதி எடுத்துப் போவார்கள், விளக்கித் திருப்பிக் கொடுப்பார்கள், நசுங்கினால் காசு. இங்கே பேசுகிற நாமே ஒரு குழுவாகச் சேர்ந்து ஸ்பிரிங் கம்ப்ரஸர், புல்லர், டைமிங் லைட் ஒன்றொன்று வாங்கினால் ஆளுக்கு எவ்வளவு வரும்?

கொஞ்சம் புதிய டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கும் இது உதவும். ஸ்விஃப்ட், இண்டிகா விஸ்டா, புன்டோ எல்லாவற்றிலும் அதே 1.3 மல்டிஜெட் டீசல் இன்ஜின்தான். டைமிங் செயின் மாற்றும்போது கேம் ஷாஃப்டைப் பூட்டிப் பிடிக்கிற கிட் ஒன்று இருந்தால் அத்தனை வண்டிக்கும் ஆகும். தனி ஆளுக்கு அது ஆயுசுக்கு ஒருதடவை வேலை.

வள்ளியூர் காற்றாடி:
நான் சேர்கிறேன். ஆனால் வள்ளியூரில் இருந்து அம்பைக்கு ஒரு புல்லர் வாங்க வந்துபோனால் பெட்ரோல் காசில் புல்லரே வாங்கிவிடலாம். பாளையில் யாராவது வைத்துக்கொண்டால் சரி.

தச்சை டீசல்:
அண்டாவை நசுக்கினால் கண்ணுக்குத் தெரியும் மதினி. டார்க் ரெஞ்சை எடுத்து ஒருத்தன் துருப்பிடித்த வீல் நட்டைக் கழற்றியிருந்தால் உங்களுக்கு எப்படித் தெரியும்? கீழே போட்டானா, கடைசி அளவிலேயே முறுக்கி வைத்துத் திருப்பிக் கொடுத்தானா, நோட்டில் எழுதுவானா? அளக்கிற டூலை நான் யாருக்கும் கொடுக்கமாட்டேன், யாரிடமும் வாங்கவும் மாட்டேன். மற்றதை வேண்டுமானால் பொதுவில் வைங்க.

மேலப்பாளையம் ஸ்பானர்:
அதற்கு வழி இருக்கிறது. ரெஞ்சின் சதுரத் தலையை வைஸில் பிடித்து, கைப்பிடி படுக்கையாக இருக்கிற மாதிரி வையுங்க. தலையின் நடுவில் இருந்து 40 செ.மீ. அளந்து கைப்பிடியில் கோடு போட்டு, அந்த இடத்தில் 10 கிலோ தொங்கவிடுங்க. கேனில் 10 லிட்டர் தண்ணீர் போதும். அது 39 நியூட்டன் மீட்டர், ரெஞ்சின் சொந்த எடையும் சேர்ந்து 40-ஐக் கொஞ்சம் தாண்டும். 40-இல் வைத்தால் கிளிக் அடிக்கணும், 50-இல் வைத்தால் அடிக்கக் கூடாது. லேபில் செய்கிற சோதனை இல்லைதான், ஆனால் கெட்டுப்போன ரெஞ்ச் இதிலேயே மாட்டிக்கொள்ளும். வேலை முடிந்ததும் குறைந்த அளவுக்குத் தளர்த்தி வைக்கணும், அதைக்கொண்டு எதையும் கழற்றக் கூடாது.

அந்த ரெஞ்ச் தேவையா என்றால், 800-க்குத் தேவை. அலுமினிய ஹெட். பிளக்கை ஓங்கி முறுக்கி மரையைப் போக்கிக்கொண்டு வருகிறவர்கள் எத்தனையோ பேர். ஹெட் போல்டை நடுவில் இருந்து வெளியே, படிப்படியாகத்தான் இறுக்கணும். கைக் கணக்கில் இறுக்கினால் கேஸ்கெட் மறுபடி ஊதும். என் கைக்கே நான் அதை விடுவதில்லை.

பெருமாள்புரம் அம்பி:
இவ்வளவு பேசுவீங்க என்று எதிர்பார்க்கவில்லை. நாசில் டெஸ்டரை அடித்துவிட்டேன். பேரிங் புல்லரும் இப்போதைக்கு இல்லை. டார்க் ரெஞ்ச், கம்ப்ரஷன் கேஜ், இஞ்ச் ரிங் ஸ்பானர் செட், டைமிங் லைட், இந்த நாலும் வாங்குகிறேன். ஸ்பிரிங் கம்ப்ரஸர்தான் முடிவாகவில்லை. இணையத்தில் விலை மலிவாக ஒன்று பார்த்தேன், இரண்டு கம்பியும் நாலு கொக்கியுமாக.

மேலப்பாளையம் ஸ்பானர்:
அந்த மலிவு கொக்கி வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். ஒரு பக்கம் வழுக்கினால் அமுக்கி வைத்த ஸ்பிரிங் எங்கே பாயும் என்று சொல்ல முடியாது. வாங்கினால் நல்லதாக வாங்குங்க, இல்லையென்றால் ஸ்ட்ரட்டை முழுசாக வண்டியில் இருந்து கழற்றி எடுத்துக்கொண்டு வாங்க. மேலே நடுவில் இருக்கிற நட்டை மட்டும் தொடக் கூடாது, அதுதான் ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருப்பது. என் கடையில் ஸ்டாண்டு கம்ப்ரஸரில் வைத்து மாற்றிக் கொடுக்கிறேன், அதற்கு ஒரு சின்னக் கூலி. திரும்ப மாட்டுவது உங்கள் பாடு.

வண்டியைத் தூக்க என்ன வைத்திருக்கீங்க? அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லையே.

பெருமாள்புரம் அம்பி:
வண்டியோடு வந்த ஜாக்கி. அப்புறம் பனங்கட்டை.

மேலப்பாளையம் ஸ்பானர்:
தம்பி, டைமிங் லைட் அடுத்த மாசம் வாங்கிக்கலாம். முதலில் ஒரு ஜோடி ஆக்சில் ஸ்டாண்ட் (தூக்கின வண்டியைத் தாங்கி நிற்கிற முட்டு) வாங்குங்க. அந்த ஜாக்கி பஞ்சரான டயர் மாற்றத்தான், கீழே படுக்க இல்லை. 800-தான் என்றாலும் 650 கிலோ இருக்கிறது.

தச்சை டீசல்:
இதில் அண்ணாச்சி பக்கம்தான் நான்.

வண்ணார்பேட்டை வாத்தியார்:
ஆக ஆறு டூல் பட்டியலோடு வந்தவர் அதில் இரண்டை அடித்துவிட்டு, ஒன்றை முடிவு பண்ணாமல் வைத்துவிட்டு, புதிதாக இரண்டைச் சேர்த்துக்கொண்டு போகிறார். மொத்தம் எவ்வளவு ஆனது என்று வீட்டில் சொன்ன பிறகு இங்கேயும் வந்து சொல்லுங்க தம்பி. நான் இன்னும் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன், ஸ்டாண்டைத் தவிர.