டிபோல்ட்டா கெடந்த 1000 ரூபா

ஹட்டன் பொடியன்:
சேர்விஸ் ஒப்ஜெக்ட் (ஒரே ஒரு வேலய மட்டும் செய்ற கோட் துண்டு) எழுதுற நம்ம ஆளுங்க இத வாசிச்சிட்டு போங்க. நான் தேயில தோட்டத்து செக்ரோல் (ஆளுங்க வேலக்கி வந்த பதிவு) பாத்து சம்பளம் போடுற சொப்ட்வெயார்ல வேல செய்றேன், ரூபிங்கிற புரோகிராம் பாஷைல. நாள் சம்பளம் கணக்கு பாக்க ஒரு தனி ஒப்ஜெக்ட், சேர்விஸ் அக்டர்னு ஒரு ஜெம் (ரூபிக்கு ரெடியா கெடைக்கிற கோட் பொதி) பாவிச்சி எழுதினது. மேல இன்புட் எல்லாம் சொல்லிருவோம், எத்தன பேரு, கொழுந்து எத்தன கிலோ, நாள் சம்பளம் எவ்வளவுன்னு. சொல்லிட்டா உள்ளுக்கு அந்த பேர வச்சே எடுத்துக்கலாம், அது ரொம்ப வசதி.

நாள் சம்பளத்துக்கு நான் டிபோல்ட் (எதுவும் குடுக்காட்டி தானா எடுத்துக்குற தொகை) 1000 போட்டிருந்தேன். 2021 மார்ச்சுல 1000 ஆனப்ப எழுதினது, ஒவ்வொரு எடத்துலயும் குடுக்க வேணாமேன்னு. 2024 செப்டம்பர்ல 1350 ஆச்சி, செட்டிங்ல மாத்தினோம், மெயின் ஸ்கிரீன்ல சரியா வந்திச்சி. ஆனா மாசத்து நடுவுல டிவிஷன் (தோட்டத்து பிரிவு) மாறி வந்தவங்களுக்கு ஓடுற கோட்ல அந்த இன்புட்ட குடுக்கவே இல்ல. எரர் இல்ல, லொக்ல ஒரு வரி இல்ல, டிபோல்ட் 1000 போய் உக்காந்துகிச்சி.

கண்டுபிடிச்சது நாங்க இல்ல, ஒரு அக்கா. காலண்டர்ல வேலக்கி போன நாளுக்கெல்லாம் நீல பேனாவால கோடு போட்டு வச்சிருந்தாங்க, 22 கோடு. சம்பள துண்டுல 22,000. வர வேண்டியது 29,700. 7,700 ரூபாங்க! ஈபிஎப்பு (ஊழியர் சேமலாப நிதி) அவுங்க 8 வீதம், தோட்டம் 12 வீதம், அதும் 22,000க்கு தான் போயிருக்கு. எங்கம்மாவும் மலைக்கு போனவங்க தான், அந்த துண்ட பாத்ததுல இருந்து ரெண்டு நாள் எனக்கு தூக்கம் இல்ல.

டிபோல்ட்ட தூக்கினேன், டைப் இன்டிஜர்னு (முழு எண் மட்டும் தான் ஏத்துக்கும்) போட்டேன். டெஸ்ட் ஓட்டினா இன்புட் இல்லன்னு 3 எடத்துல எரர். நமக்கு தெரிஞ்சது ஒண்ணு தான், மத்த ரெண்டும் அப்புடியே கெடந்திருக்கு. காசு சம்பந்தப்பட்ட இன்புட்டுக்கு நான் இனி டிபோல்ட் வைக்கவே மாட்டேன்.

பண்டாரவளை அக்கா:
தம்பி, டைப் போட்டது நல்ல வேல. நாங்க டைப் இல்லாம வச்சிருந்தோம், மடுவத்துல (கொழுந்து நிறுக்குற எடம்) போன்ல அடிக்கிற கிலோ எழுத்தா தான் வந்து சேருது, அது தெரியல. ஓவர் கிலோ (நாள் அளவுக்கு மேல பறிச்சது) 6, டெஸ்டுக்கு கிலோவுக்கு 50 ரூபான்னு போட்டு பெருக்கினா 300 வரணும்ல, ஸ்கிரீன்ல 6666ன்னு வரிசையா 50 ஆறு! ரூபில எழுத்த நம்பரால பெருக்கினா அத்தன தடவ திருப்பி எழுதும். டைப் நியூமரிக்னு (நம்பர் மட்டும்) போட்டதும் வாசல்லயே நின்னிருச்சி, கன்ட்ரோலர்ல (வர்ற தகவல மொதல்ல வாங்குற கோட்) நம்பரா மாத்தி அனுப்புறோம் இப்ப.

தலவாக்கலை:
எனக்கு தேதியில பட்டது. டிபோல்ட்ல இன்னைக்கு தேதின்னு நேரா எழுதிட்டேன். கிளாஸ் (அந்த கோட்) லோட் ஆகுறப்ப ஒரு தடவ தான் அது ஓடும், சேர்வர் திங்கக்கிழம ஏறினா வியாழக்கிழமயும் திங்கக்கிழம தேதி தான். லம்டான்னு, கூப்பிடுறப்ப மட்டும் ஓடுற கோட்டுக்குள்ள வைங்க, ஒவ்வொரு தடவயும் புதுசா பாக்கும். அண்ணே, அந்த காலண்டர் அக்காவுக்கு காசு கெடச்சிச்சா?

ஹட்டன் பொடியன்:
அடுத்த சம்பளத்தோட சேத்து குடுத்துட்டாங்க. ஈபிஎப் பாக்கிய திருத்தி கட்டுறதுக்கு தான் இன்னும் ஒரு மாசம் இழுத்திச்சி, கட்டின துண்டு கைக்கு வர்ற வரைக்கும் அவுங்க காலண்டர கழட்டல.